கல்லில் வெட்டிய சொல்லும் தாளில் எழுதிய உயிலும்

பண்டைத் தமிழகத்தின் வட எல்லை என்று நம் முன்னோர் வகுத்துரைத்த வேங்கட மலையின் அடிவாரத்தில் திருப்பதி அமைந்துள்ளது. அதற்குத் தென்மேற்கே சித்தூர் உள்ளது. இன்று இவ்விரண்டும் ஆந்திரப் பிரதேசத்தின் ஊர்கள். ஆயினும் அங்குள்ள கோயிற் சுவர்களும், பழைய பத்திரக் கட்டுகளும், முதியோரின் பேச்சும் தமிழை இன்னும் மறந்துவிடவில்லை. இம்மலரைக் கையில் ஏந்தும் குடும்பங்களில் சில அவ்வட்டாரத்திலிருந்து புறப்பட்டவை. மற்றவை தமிழ் நிலத்தின் வேறு மூலைகளிலிருந்து வந்தவை. எங்கிருந்து வந்தோமாயினும் நம் அனைவருக்கும் பொதுவான கவலை ஒன்று உண்டு. ஊரில் ஒரு வீடு, ஒரு துண்டு நிலம், பாட்டியின் நகைப் பெட்டி. இங்கே உழைத்துச் சேர்த்த சிறு பொருள். நம் காலத்திற்குப் பின் இவை யாரைச் சேரும்? நாம் சொல்லிச் சென்ற சொல் நிலைக்குமா?

இக்கேள்வியை வீட்டில் எழுப்பினால், "விளக்கு வைக்கும் நேரத்தில் ஏன் இந்தப் பேச்சு?" என்று பெரியவர்கள் தடுத்துவிடுவர். உயில் என்ற சொல்லே அமங்கலம் என்னும் எண்ணம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. ஆனால் வேங்கடத்தின் வரலாற்றைப் புரட்டினால், தம் காலத்திற்குப் பின் தம் விருப்பம் நடைபெற வேண்டும் என்பதற்காக நம் முன்னோர் எத்துணை முன்னெச்சரிக்கையோடு நடந்துகொண்டனர் என்பது விளங்கும். அவர்கள் கல்லை நம்பினர். நாம் தாளை நம்புகிறோம். இவ்விரண்டிற்கும் இடையே உள்ள ஒற்றுமையையும் வேற்றுமையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுவரில் எழுதிய விருப்பம்

திருமலையிலும் திருப்பதியிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. சாது சுப்பிரமணிய சாஸ்திரி போன்ற அறிஞர்களின் உழைப்பால் 1930களில் தேவஸ்தானம் அவற்றைத் தொகுதிகளாக வெளியிட்டது. அவற்றுள் புகழ்பெற்றது சாமவை என்னும் காடவன் பெருந்தேவியின் கல்வெட்டு. பல்லவர் குலத்துப் பெண்மணியான இவ்வம்மை வெள்ளித் திருமேனி ஒன்றை எழுந்தருளச் செய்து, அணிகலன்களை அளித்து, அத்திருமேனிக்குரிய பூசையும் விழாவும் தடையின்றி நடைபெற நிலமும் விட்டார். பொருளைக் கொடுத்ததோடு அவர் நின்றுவிடவில்லை. அப்பொருளைக் கொண்டு என்ன நடக்க வேண்டும் என்பதையும் எழுதி வைத்தார். அத்திருமேனிக்கு இன்றும் திருமலையில் வழிபாடு நடைபெறுகிறது.

விசயநகரப் பேரரசின் காலத்தில் இவ்வழக்கம் நன்கு வளர்ந்தது. ஒருவர் கோயிலுக்கு ஊரோ பொன்னோ அளித்து நாள்தோறும் அமுதுபடிக்கு ஏற்பாடு செய்வார். அவ்வாறு படைக்கப்படும் பிரசாதத்தில் நான்கில் ஒரு பங்கு, கொடுத்தவருக்கு உரியது. அதற்கு "விட்டவன் விழுக்காடு" என்று பெயர். இன்று நூற்றுக்கு இத்தனை என்று கணக்கிடுவதற்கு நாம் வழங்கும் விழுக்காடு என்னும் சொல், அங்கே ஒரு மனிதனின் உரிமைப் பங்கைக் குறித்தது. அப்பங்கைத் தம் காலத்திற்குப் பின் யார் பெற வேண்டும் என்பதையும் கொடுத்தவரே கல்வெட்டில் குறித்தார். சிலர் தம் சந்ததியினர் வழிவழியாகப் பெற வேண்டும் என்றனர். சிலர் அடியார்களுக்கு உணவளிக்கும் இராமானுசகூடத்திற்கு விட்டனர். தெலுங்குக் கீர்த்தனைகளால் புகழ்பெற்ற தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியாரின் மகன், கல்வெட்டுகளில் தாளபாக்கம் பெரிய திருமலை ஐயங்கார் என்று குறிக்கப்படுகிறார். அவர் செய்த அறங்களும் தமிழிலேயே பொறிக்கப்பட்டன. மொழி எல்லை என்பது அக்காலத்து அறத்திற்கு இல்லை போலும்!

இக்கல்வெட்டுகளின் அமைப்பை உற்று நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். கொடுத்தவர் தாமே சுவரில் எழுதிவிட்டுப் போகவில்லை. கோயிலின் தானத்தார் அப்பொருளைப் பெற்றுக்கொண்டு, இன்னது செய்வோம் என்று அவருக்குச் சாசனம் பண்ணிக் கொடுத்தனர். இறுதியில் கோயிற் கணக்கு திருநின்றவூருடையான் என்பவரின் எழுத்து என்னும் குறிப்பு இடம்பெற்றது. கொடுத்தவர் ஒருவர், ஏற்றவர் மற்றொருவர், எழுதியவர் மூன்றாமவர். மூவரும் அறியச் செய்த செயல் என்பதே அதன் வலிமை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் திருமலைக் கோயிலைப் புதுப்பித்தபோது பழைய கல்வெட்டுகள் சிலவற்றைப் படியெடுத்து மீண்டும் சுவரில் வெட்டி வைத்தனர். மூலம் அழிந்தாலும் சொல் அழியலாகாது என்னும் கருத்து அச்செயலில் விளங்குகிறது.

அவ்வாறெல்லாம் எழுதி வைத்தும் கொடுத்தவரின் விருப்பம் தவறிய நிகழ்ச்சியும் உண்டு. முதலாம் இராசேந்திர சோழனின் 7ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 1019ஐ ஒட்டி, ஒரு விசாரணை நடைபெற்றது. திருமலைக் கோயிலில் 24 விளக்குகள் எரிப்பதற்கென்று பொன்னைப் பெற்றுக்கொண்ட திருமுண்டியத்துச் சபையார், 2 விளக்குகளையே எரித்து வந்தனர். அரச அதிகாரி இதைக் கண்டறிந்து, அப்பொன்னைக் கோயிற் பண்டாரத்தில் சேர்த்து விளக்குகளைக் கோயிலாரே எரிக்குமாறு ஏற்பாடு செய்தார். அணைந்துபோன 22 விளக்குகள் நமக்கு ஒரு பாடம் கற்பிக்கின்றன. எழுதி வைத்தால் மட்டும் போதாது. எழுதியதைக் கேட்க ஒருவர் வேண்டும். எழுதியபடி நடந்ததா என்று பார்க்க ஓர் அவையும் வேண்டும்.

தானமும் உயிலும்

கல்வெட்டு கூறும் தானம் கொடுத்த அன்றே நிறைவேறியது. சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்று எழுதிய பின் கொடுத்தவர் மனம் மாறினாலும் அதைத் திரும்பப் பெற இயலாது. இன்றைய சட்டத்தில் இதற்கு ஒப்பானது செட்டில்மென்ட் என்று வழங்கும் ஏற்பாட்டுப் பத்திரமும், தானப் பத்திரமும் ஆகும். உயில் அத்தகையதன்று. எழுதியவர் கண்மூடும் வரை அது வெறும் தாள். அவர் உயிரோடிருக்கும் வரை வீடு அவர் வீடே. நிலம் அவர் நிலமே. அவர் விற்கலாம், அடகு வைக்கலாம், எழுதியதைக் கிழித்தெறியலாம்.

இவ்வேறுபாட்டை அறியாமல் துன்புற்றோர் நம்மிடையே உளர். உயில் எழுதுவதாக எண்ணிக்கொண்டு ஏற்பாட்டுப் பத்திரத்தில் கையெழுத்திட்டு, பின்னர்த் தம் வீட்டிலேயே உரிமையற்றுத் திண்ணையில் அமர்ந்த முதியோரை நாம் கண்டதுண்டு. பெற்றோரைப் பேணுவோம் என்னும் நிபந்தனையோடு சொத்தைப் பெற்றவர்கள் அந்நிபந்தனையை மீறினால் அப்பத்திரத்தைச் செல்லாததாக்க 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம் வழி செய்துள்ளது. எனினும் வழக்காடி மீட்பதைக் காட்டிலும், எழுதுவதற்கு முன் இது தானமா, உயிலா என்று கேட்டறிதல் நன்று.

உயில் வந்த கதை

உயில் என்பது நம் பழஞ்சொல் அன்று; வில் என்னும் ஆங்கிலச் சொல்லின் தமிழ் உருவமே அது. சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்கர் வீலுநாமா என்பர். ஈழத்தார் மரண சாதனம் என்று அழகுற வழங்குவர். பழைய தரும நூல்களில் இதற்கு நேரான ஏற்பாடு இல்லை. கூட்டுக் குடும்பத்தில் சொத்து தந்தை, மகன், பேரன் எனப் பிறப்பாலேயே இறங்கிற்று. ஆதலின் ஒருவர் எழுதி வைக்க வேண்டிய தேவை எழவில்லை.

வெள்ளையர் ஆட்சியில் தனி மனிதன் வாணிகத்தால் பெரும்பொருள் ஈட்டும் நிலை வந்தபோது உயிலும் வந்தது. காஞ்சிபுரத்தைச் சார்ந்த துபாசி பச்சையப்ப முதலியார் 1794ஆம் ஆண்டு தம் இறுதி நாள்களில் உயில் எழுதித் தம் செல்வத்தைக் கோயிற் பணிக்கும் அறப்பணிக்கும் விட்டார். ஆனால் அவர் மறைந்த பின் பல்லாண்டுகள் அப்பொருள் வழக்குகளில் சிக்கிக் கிடந்தது. சென்னையில் அந்நாளில் இருந்த சுப்ரீம் கோர்ட்டு தலையிட்ட பின்னரே அறத்திற்கு வழி பிறந்தது. 1842இல் பச்சையப்பன் பள்ளி தோன்றியது; 1889இல் அது கல்லூரியாக உயர்ந்தது. எழுதியவர் கண்மூடி 48 ஆண்டுகளுக்குப் பின்னரே அவர் பொருளிலிருந்து ஒரு பள்ளிக்கூடம் எழுந்தது என்பதை எண்ணும்போது, திருமுண்டியத்து விளக்குகள் நம் நினைவிற்கு வருகின்றன.

சென்னை மாகாணத்தின் மாவட்டங்களில் நிலைமை மேலும் குழப்பமானது. 1829ஆம் ஆண்டின் 5ஆம் ஒழுங்குமுறை, இந்துக்களின் உயில்கள் இந்துச் சட்டத்திற்கு இசைந்த அளவிலேயே செல்லும் என்று கூறியது. 1856இல் சென்னையிலிருந்து சென்ற ஒரு வழக்கில் பிரிவி கவுன்சில் இந்துவின் உயிலெழுதும் உரிமையை ஏற்றுக்கொண்டது. ஆயினும் 1874இல் சென்னை உயர்நீதிமன்றம், பிரிவினையாகாத குடும்பச் சொத்தில் தன் பங்கை ஒருவன் உயிலால் எழுதி வைக்க இயலாது என்று தீர்ப்பளித்தது. அவன் இறக்கும் கணத்திலேயே பங்கு மற்றப் பங்காளிகளைச் சேர்ந்துவிடுகிறது. உயில் பேசத் தொடங்கும்போது கொடுப்பதற்கு அவனிடம் ஒன்றுமில்லை என்பதே அதன் காரணம். இந்நிலையை 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் மாற்றிற்று. இன்று கூட்டுக் குடும்பச் சொத்தில் தன் பங்கையும் ஒருவர் உயிலால் அளிக்கலாம்.

எனினும் தம் பங்கை மட்டுமே அளிக்கலாம் என்பதை மறத்தலாகாது. மகளும் பிறப்பால் பங்காளி என்னும் உரிமையை ஆந்திரப் பிரதேசம் 1985ஆம் ஆண்டு செப்டம்பர் 5 முதல் நடைமுறைக்குக் கொணர்ந்தது. தமிழ்நாடு 1989இல் அவ்வழியே சென்றது. 2005இல் நாடு முழுமைக்கும் அவ்வுரிமை வந்தது. ஆகவே மகளின் பங்கையும் சேர்த்து மகனுக்கு எழுதிய உயில், அப்பங்கின் அளவில் செல்லாது.

இன்னொரு செய்தி நம்மை வியப்பில் ஆழ்த்தும். 1870ஆம் ஆண்டின் இந்து உயில் சட்டம் சென்னை நகரத்திற்குப் பொருந்தியது. சித்தூருக்கும் திருப்பதிக்கும் பொருந்தவில்லை. 1926 முடிய அவ்வூர்களில் ஓர் இந்து வாய்மொழியாகவே உயில் சொல்லலாம். கட்டிலைச் சுற்றி நின்றோர் கேட்டதே சாசனம். 1927 சனவரி 1 முதல்தான் இந்துக்கள் எழுதும் உயில் எங்கிருப்பினும் எழுத்தில் இருக்க வேண்டும், சான்றொப்பம் பெற்றிருக்க வேண்டும் என்னும் விதி வந்தது. நம் பாட்டனார் காலத்துக் கதைகளில், "அவர் சாகும்போது இப்படிச் சொன்னார்" என்று தொடங்கும் பங்காளிச் சண்டைகள் பல இருப்பதன் காரணம் இப்போது விளங்குகிறதன்றோ?

எழுதும் முறை

இன்று நடைமுறையில் உள்ளது 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். அது கேட்பவை மிகச் சிலவே. எழுதுபவர் வயது வந்தவராகவும் தெளிந்த மனத்தினராகவும் இருத்தல் வேண்டும். நோயுற்றவரும், கண்ணற்றவரும், எழுதப் படிக்கத் தெரியாதவரும் தாம் செய்வது இன்னதென்று அறிந்திருந்தால் உயில் எழுதலாம். அவர் கையெழுத்திட வேண்டும், அல்லது கைந்நாட்டு வைக்க வேண்டும். இயலாவிடில் அவர் முன்னிலையில், அவர் சொற்படி வேறொருவர் அவருக்காகக் கையெழுத்திடலாம். சாட்சிகள் இருவரேனும் வேண்டும். ஒவ்வொருவரும் அவர் கையெழுத்திடுவதைக் கண்டிருக்க வேண்டும், அல்லது இது தம் கையெழுத்தே என்று அவர் வாயால் கேட்டிருக்க வேண்டும். பின்னர் ஒவ்வொருவரும் அவர் முன்னிலையில் ஒப்பமிட வேண்டும். சாட்சிகள் இருவரும் ஒரே நேரத்தில் உடனிருக்க வேண்டும் என்பது இல்லை.

முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். தமிழிலோ தெலுங்கிலோ, தமக்குத் தெரிந்த எம்மொழியிலோ எழுதலாம். சட்டச் சொற்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. யாருக்கு, எது, எவ்வளவு என்பது ஐயமின்றி விளங்கினால் அதுவே நல்ல உயில். நிலத்திற்குச் சர்வே எண்ணும், வீட்டிற்குக் கதவெண்ணும் நான்கெல்லையும் குறித்தல் நன்று. பெறுபவர் தமக்கு முன்னரே மறைந்துவிட்டால் யார் பெறுவது என்பதையும் ஒரு வரி எழுதி வைக்கலாம். உயிலை நிறைவேற்றுபவர் ஒருவரையும் பெயர் குறித்து நியமிக்கலாம்.

பதிவு செய்வது கட்டாயமன்று. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி உயிலை எப்போது வேண்டுமாயினும் பதிவுக்குக் கொடுக்கலாம். எழுதியவர் மறைந்த பின் நிறைவேற்றுபவரும் கொடுக்கலாம். பதிவு அலுவலகத்தில் உயில்களுக்கென்றே 3ஆம் புத்தகம் என்று ஒரு தனிப் பதிவேடு உண்டு. எழுதியவர் உயிரோடிருக்கும் வரை அதன் நகலை அவரும் அவருடைய முகவரும் அன்றி வேறொருவரும் பெற இயலாது. மற்றொரு வழியும் உண்டு. உயிலை உறையிலிட்டு முத்திரை வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கலாம். அவர் அதைத் தீயால் அழியாத பெட்டியில் பாதுகாப்பார். எழுதியவர் விரும்பினால் திரும்பப் பெறலாம். அவர் மறைந்த பின் வேண்டுவோர் விண்ணப்பிக்க, அவர்கள் முன்னிலையில் உறை பிரிக்கப்பட்டு, பதிவேட்டில் படியெடுக்கப்படும். கல்வெட்டைப் படியெடுத்து வைத்த திருமலையின் பழைய அறிவு இப்பெட்டிக்குள்ளும் இருக்கிறது என்று நாம் எண்ணி மகிழலாம்.

மெய்ப்பிக்கும் முறை

உயிலுக்கும் ஏனைய பத்திரங்களுக்கும் உள்ள பெரிய வேற்றுமை இங்கேதான் தோன்றுகிறது. விற்பனைப் பத்திரத்தில் ஐயம் எழுந்தால் விற்றவரைக் கூப்பிட்டுக் கேட்கலாம். உயிலில் ஐயம் எழும்போது எழுதியவர் இல்லை. ஆதலால் அவருக்குப் பதிலாகச் சாட்சி பேச வேண்டும். சான்றொப்பமிட்டவர்களுள் ஒருவரேனும் உயிரோடு இருந்து, நீதிமன்றத்திற்கு வரக் கூடியவராயின், அவரை விசாரித்தே உயிலை மெய்ப்பிக்க வேண்டும் என்பது 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தின் விதி. 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமத்திலும் அவ்விதி தொடர்கிறது. பதிவு செய்யப்பட்ட உயிலுக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை. பதிவு முத்திரை ஒரு துணையே, சாட்சிக்கு மாற்றாகாது.

சித்தூருக்கு அண்டை நிலமாகிய மைசூரில் எழுந்த ஒரு வழக்கு இத்துறையில் இன்றும் வழிகாட்டியாக விளங்குகிறது. வெங்கடாசல ஐயங்கார் எதிர் திம்மஜம்மா என்னும் அவ்வழக்கில் 1958 நவம்பர் 13ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. உயிலால் தம் குடும்பத்திற்குப் பயன் பெறுபவரே முன்நின்று அதை எழுதுவித்திருந்தார். அத்தகைய சூழ்நிலை ஐயத்திற்கு இடமளிப்பது; அவ்வையத்தைப் போக்கும் பொறுப்பு உயிலைக் கொண்டுவருபவரையே சாரும்; கையெழுத்து உண்மை என்று காட்டினால் மட்டும் போதாது; நீதிபதியின் மனச்சான்று நிறைவடைய வேண்டும் என்று நீதியரசர் கஜேந்திரகட்கர் விளக்கினார். அவ்வுயில் ஏற்கப்படவில்லை. ஆகவே யாருக்கு எழுதுகிறோமோ அவர் எழுதும் அறையில் இல்லாதிருப்பது நலம். பயன் பெறுபவர் சாட்சியாக ஒப்பமிட்டாலும் இந்துவின் உயில் அதனாலேயே செல்லாததாகிவிடாது. எனினும் அது ஐயத்தை வரவழைக்கும் செயல்.

நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் நிகழ்ந்ததை இங்கே சொல்லலாம். சித்தூருக்கு அருகே ஒரு சிற்றூரில் வாழ்ந்த பெரியவர் ஒருவர் அழகிய தமிழில் உயில் எழுதினார். சாட்சிகளாகத் தம் வயதொத்த இரு நண்பர்களையே அழைத்தார். அவர் நீண்ட ஆயுள் பெற்றார்; நண்பர்கள் இருவரும் அவருக்கு முன்னரே மறைந்தனர். மக்கள் வெவ்வேறு நாடுகளில் இருந்தனர். பெரியவருக்குப் பின் வழக்கு எழுந்தபோது சாட்சி சொல்ல ஒருவரும் இல்லை. சாட்சிகள் கிடைக்காவிடில் அவர்களுள் ஒருவரின் கையெழுத்தையும் எழுதியவரின் கையெழுத்தையும் மெய்ப்பிக்கச் சட்டம் இடந்தருகிறது. ஆதலின் பேரப்பிள்ளைகள் பழைய பெட்டிகளைத் துழாவினர். சாட்சிகளுள் ஒருவர் என்றோ ஒரு திருமணத்திற்கு வாழ்த்தனுப்பிய கடிதம் அகப்பட்டது. அக்கடிதத்தின் கையெழுத்தும், அவர் எழுத்தை அறிந்த ஒரு முதியவரின் வாக்குமூலமும் அவ்வுயிலைக் காப்பாற்றின. ஆனால் அதற்குள் பல ஆண்டுகள் கழிந்தன. உடன்பிறந்தோர் ஒருவர் வீட்டு வாசலை ஒருவர் மிதிப்பதை நிறுத்தினர். நிலம் கிடைத்தது, உறவு கிடைக்கவில்லை. இளையவர் ஒருவரைச் சாட்சியாக வைத்திருந்தால் இத்துன்பம் நேர்ந்திராது. உயில் எழுதும்போது நம்மினும் இளையவரும், நிலையாக ஓரிடத்தில் வாழ்பவரும், பயன் ஏதும் பெறாதவருமான இருவரைத் தேடுவது, தாளையும் மையையும் தேடுவதினும் முதன்மையானது.

புரோபேட் என்று வழங்கும் மெய்ப்புச் சான்றைப் பற்றியும் ஒரு சொல். சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய நகரங்களில் உள்ள சொத்தைக் குறித்த இந்துவின் உயிலுக்கு நீதிமன்றத்தில் அச்சான்று பெறுவது நெடுங்காலம் கட்டாயமாக இருந்தது. சித்தூரும் திருப்பதியும் சென்னை நகர எல்லைக்கு அப்பாற்பட்டவை. அங்குள்ள நிலத்திற்கு அக்கட்டாயம் இருந்ததில்லை. ஆனால் அதே குடும்பத்திற்குச் சென்னையில் ஒரு வீடு இருந்தால் அவ்வுயிலையே உயர்நீதிமன்றத்திற்குக் கொண்டு செல்ல நேர்ந்தது. 2025ஆம் ஆண்டின் இறுதியில் நாடாளுமன்றம் அப்பிரிவை நீக்கிவிட்டது. கட்டாயம் நீங்கிற்றேயன்றி, தகராறு எழும்போது உயிலை மெய்ப்பிக்க வேண்டிய பொறுப்பு நீங்கவில்லை.

மாற்றும் உரிமை

உயிலின் தனிச்சிறப்பு அதை மாற்றும் உரிமையே. தெளிந்த மனம் உள்ளவரை எத்தனை முறை வேண்டுமாயினும் மாற்றலாம். பின்னர் முறைப்படி எழுதிய உயில் முன்னதை நீக்கும். இவ்வுயிலை நீக்கினேன் என்று தனியே எழுதி, உயிலைப் போலவே இரு சாட்சிகளின் ஒப்பம் பெற்றும் நீக்கலாம். நீக்கும் எண்ணத்தோடு தாமே எரித்தும் கிழித்தும் அழிக்கலாம், அல்லது தம் கண்முன் பிறரைக் கொண்டு அழிக்கச் செய்யலாம். அவர் அறியாமல் பிறர் கிழித்தால் உயில் நீங்கிவிடாது. பதிவு செய்த உயிலைப் பதிவு செய்யாத பிந்தைய உயிலும் நீக்கக் கூடும். ஆதலின் எது கடைசி என்பது விளங்குமாறு நாளைத் தெளிவாகக் குறித்து, முந்தையவற்றை நீக்கினேன் என்று ஒரு வரி எழுதுதல் வேண்டும்.

சிறு மாற்றத்திற்காக ஒரு வரியை அடித்துவிட்டுப் பக்கத்தில் வேறு பெயர் எழுதுவோர் உண்டு. அத்திருத்தத்திற்கு எதிரே எழுதியவரும் சாட்சிகளும் ஒப்பமிடாவிடில் அது செல்லாது. உயிலில் எழுதிய வீட்டை உயிரோடிருக்கும்போதே விற்றுவிட்டால் அவ்வளவில் உயில் பயனற்றதாகும்.

கடல் கடந்து வாழும் குடும்பங்கள் கருத்தில் கொள்ள வேண்டிய வேற்றுமை ஒன்றுண்டு. இந்தியச் சட்டத்தில் ஓர் இந்துவின் உயில் அவர் பின்னர்த் திருமணம் செய்துகொள்வதால் நீங்குவதில்லை. இங்கிலாந்திலும், மலேசியாவிலும், சிங்கப்பூரிலும் பொதுவிதியாகத் திருமணம் முந்தைய உயிலை நீக்கிவிடும். இலங்கையிலோ 1840ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசும் இரு சாட்சிகளும் வேண்டும். நொத்தாரிசு இல்லாவிடில் ஐந்து சாட்சிகள் வேண்டும். ஒரு நாட்டு வழக்கத்தை மற்றொரு நாட்டிற்குக் கொண்டு சென்று ஏமாறலாகாது. ஊரில் உள்ள நிலத்தைக் குறித்து எழுதும்போது ஊரின் சட்டத்தை அறிந்த வழக்கறிஞர் ஒருவரைக் கலந்து கொள்ளுதல் அறிவுடைமை.

எல்லைகள் மாறினும்

சித்தூர் ஒரு காலத்தில் வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைநகர். 1911 ஏப்ரல் 1இல் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அது அங்கே சென்றது. 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி சென்னை மாநிலத்திற்கு வந்தது. 2022 ஏப்ரல் 4இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ஒரே பாட்டனாரின் நிலங்கள் இரு மாநிலங்களிலும், பதிவேடுகள் வெவ்வேறு அலுவலகங்களிலும் கிடப்பதன் வரலாறு இது. தம் இடத்தில் அசையாதிருந்த நிலத்திற்கே இத்துணை மாற்றம் என்றால், இடம்பெயர்ந்த நம் குடும்பங்களின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ? எந்தப் பத்திரம் எந்த அலுவலகத்தில் எந்த ஆண்டில் பதிவாயிற்று என்று ஒரு தாளில் எழுதி உயிலோடு வைப்பது, பேரப்பிள்ளைகளுக்கு நாம் விட்டுச் செல்லும் வழித்துணையாகும்.

தானம் திரும்பாதது, ஆதலின் நம் முன்னோர் அதைத் திரும்பாத கல்லில் வெட்டினர். உயில் இறுதி மூச்சு வரை மாறக் கூடியது. ஆதலின் இதுவே அவரது கடைசிச் சொல் என்று கூற உயிருள்ள மனிதர் இருவரைச் சட்டம் கேட்கிறது. கல்லுக்கு ஒரு தானத்தாரும் ஒரு கோயிற் கணக்கரும் தேவைப்பட்டது போலத் தாளுக்கும் நம்பிக்கைக்குரிய இருவர் தேவை. அவர்களைத் தேடிக்கொள்வது நாம் வாழும் காலத்திலேயே செய்ய வேண்டிய கடமையாகும். அதை அமங்கலம் என்று ஒதுக்குவது, பிள்ளைகளின் ஒற்றுமையை அவர்களின் பொறுமைக்கு விட்டுவிடுவதாகும்.

விடுமுறைக்கு ஊர் சென்று திருமலை ஏறும் அன்பர்கள், கோயிற் சுவரில் உள்ள தமிழ் எழுத்துகளைச் சற்று நின்று நோக்குவார்களாக. தம் காலத்திற்குப் பின்னும் ஒரு விளக்கு எரிய வேண்டும், ஒரு பிடி அன்னம் இன்னாரைச் சேர வேண்டும் என்று கவலைப்பட்டவர்களின் எழுத்துகள் அவை. மலையிறங்கி வீடு திரும்பியதும் பெரியவர்களோடு அமர்ந்து, அஞ்சாமல், அன்போடு, நம் வீட்டின் சொல்லையும் எழுதி வைப்போமாக.